பெரிய நாடு கதவைத் திறந்தால் யாழ்ப்பாணக் கரையில் என்ன மாறும்?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். வளர்ந்துவரும் வல்லரசு ஒன்று இராஜதந்திரக் கதவைத் திறந்துவிட்டால் அதன் அயல்நாடுகளின் உறவுகள் எப்படி மாறுகின்றன? இலங்கைக்கான சீனத் தூதுவர் 2021 டிசெம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்கு வேட்டியோடு வந்தார், பருத்தித்துறைக் கரையில் நின்று இந்தியா எவ்வளவு தூரம் என்று கேட்டார். இதனால் வடக்குக்கு ஏதும் கிடைக்குமா?

முதலில் சுருக்கமான பதில். வல்லரசு கதவைத் திறந்தவுடன் சின்ன நாட்டுக்கும் அந்த வல்லரசுக்கும் இடையிலான உறவு உடனே பெரிதாக மாறிவிடாது. முதலில் மாறுவது பழைய பெரிய அயலவரின் வேகம். பத்து வருடமாகக் கோப்பில் கிடந்த துறைமுகமும் விமான நிலையமும் திடீரென்று அசையத் தொடங்கும். வடக்குக்கு இதுவரை கிடைத்ததில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். ஆனால் கொடுத்ததை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். ஒரு வல்லரசு உண்மையாகவே திறந்திருக்கிறதா என்று அறிய, அது எதைக் கொடுத்தது என்பதைவிட எதை நிறுத்தியது என்று பார்க்கவேண்டும்.

இந்த அளவுகோல் சீனாவின் சொந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. 1978 நவம்பரில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் போனார். அப்போது தென்கிழக்காசிய அரசுகளுக்குச் சீனாவிடமிருந்து பணம் தேவைப்படவில்லை. கொடுக்கச் சீனாவிடம் பணமும் இல்லை. அந்த நாடுகளின் காடுகளில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் பெய்ஜிங் கொடுத்துவந்த ஆதரவுதான் பிரச்சினை. மலாயக் கம்யூனிஸ்ட் கட்சிக்காகச் சீன மண்ணிலிருந்து ஒரு வானொலியே நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிச் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ டெங்கிடம் நேராகவே கேட்டார். 1981இல் அந்த ஒலிபரப்பு நின்றது. வெளிநாட்டுச் சீனர்களின் இரட்டைக் குடியுரிமையை ஏற்காத குடியுரிமைச் சட்டம் 1980இல் வந்தது. ‘எங்கள் நாட்டுச் சீனர் யாருக்கு விசுவாசம்’ என்று ஜகார்த்தாவிலும் கோலாலம்பூரிலும் இருந்த சந்தேகத்துக்கு அது பதில். இவ்வளவும் நடந்து பத்து வருடம் போன பிறகுதான் உறவுகள் வரிசையாகச் சீரடைந்தன: இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் 1990இல், புரூணையும் வியட்நாமும் 1991இல், தென்கொரியா 1992இல். வியட்நாமோடு 1979 பெப்ரவரியில்தான் எல்லைப்போர் நடந்திருந்தது. சீனாவுக்குத் தரைவழி அயல்நாடு 14. அவற்றில் 12 உடன் எல்லையைப் பேசித் தீர்த்துவிட்டது. மிச்சம் இந்தியாவும் பூட்டானும். எங்கள் பக்கத்துக் கதை முழுவதும் இந்த மிச்சத்துக்குள்தான் இருக்கிறது.

இலங்கை சீனாவின் எல்லை நாடு அல்ல. ஆகவே இங்கே நிறுத்துவதற்குப் பெய்ஜிங்கிடம் ஒன்றும் இருக்கவில்லை, கொடுப்பதற்கு மட்டுமே இருந்தது. தொடக்கம் 1952 டிசெம்பரில் கையெழுத்தான இறப்பர்-அரிசி ஒப்பந்தம். கொரியப் போர்க்காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கிடக்க, இறப்பர் விலை இறங்கிக்கொண்டிருந்தது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்று ஐந்து வருடத்துக்குப் பேசினார்கள். அப்போது இரு நாட்டுக்கும் முறையான இராஜதந்திர உறவுகூட இல்லை. அது 1957இல்தான் வந்தது. கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே இதைச் செய்தது, அமெரிக்காவின் கோபத்தையும் வாங்கிக்கொண்டது. கொழும்பு எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேவையில்லை.

அடுத்து 1987. இந்திய-இலங்கை ஒப்பந்தம் என்றால் நாங்கள் மாகாண சபையையும் அதற்கு அதிகாரம் பகிர்ந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தையும்தான் பேசுவோம். புது டில்லி கவனமாக எழுதி வாங்கியது அதோடு இணைந்த கடிதங்களில் இருக்கிறது. திருகோணமலையோ வேறெந்த இலங்கைத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கப்படாது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடும் கூட்டாக மீளமைக்கும். இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவுத் தேவைக்குப் பயன்படாதபடி மீளாய்வு செய்யப்படும். அன்று மனதில் இருந்தது அமெரிக்கா. பெயரை மாற்றிச் சீனா என்று போட்டுக்கொண்டால் இன்றைய சண்டைகளில் பாதிக்கு அந்தக் கடிதமே அகராதி. ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடத்துக்குச் சீனக் கம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2017 ஜூலை 29. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவும் கையெழுத்துப் போட்டு அன்றைக்குச் சரியாக 30 வருடம். யாரும் நாள் பார்த்துச் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் டில்லியில் ஒருவராவது நாட்காட்டியைப் பார்த்திருப்பார்.

பழைய அயலவர் எப்படி அசைகிறார் என்பதைத் திகதி வைத்துப் பார்க்கலாம். ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டது 2010 நவம்பர் 18. அதே மாதக் கடைசியில் இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா வந்து இரண்டு துணைத்தூதரகங்களைத் திறந்தார்: ஒன்று யாழ்ப்பாணத்தில், மற்றது ஹம்பாந்தோட்டையில். யாழ்ப்பாணத்துக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஹம்பாந்தோட்டையில் விசா கேட்டு வரிசையில் நிற்பதற்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் அந்த அலுவலகம் எதற்கென்று விளங்கும். 2014 செப்டெம்பரிலும் அதன்பின்னரும் சீன நீர்மூழ்கி கொழும்பில் வந்து நின்றது. 2015 மார்ச்சில் மோடி யாழ்ப்பாணம் வந்தார். இந்தியப் பிரதமர் ஒருவர் இந்த மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இடையில் ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறியிருந்தது உண்மை. அது இல்லாவிட்டால் அந்தப் பயணம் அவ்வளவு சுலபமாக நடந்திராது.

இனி ஒரு விடயத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலைப்பின்னலோடு இணையாதவை. மின்சார சபையின் டீசல் பிறப்பாக்கிகளே அங்கே வெளிச்சம் தருகின்றன. ஒவ்வொரு லீற்றர் டீசலும் கடல் தாண்டித்தான் போகவேண்டும் என்பதால் ஓர் அலகு மின்சாரத்தின் செலவு தீவகற்பத்தைவிடப் பல மடங்கு. ஆனால் தீவில் இருப்பவரும் நாடு முழுவதற்கும் உள்ள அதே கட்டணத்தையே கட்டுகிறார், நட்டம் சபைக்கு. ஆகவே சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் சேர்த்த கலப்பு முறை ஒன்று வேண்டும் என்பது பொறியியலாளர்களின் தேவை. அதில் அரசியல் இல்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் சர்வதேச கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதைச் சீனாவின் சினோசோர்-எடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கியது. பெறுமதி சுமார் 12 மில்லியன் டொலர். வல்லரசுகளின் கணக்கில் இது சில்லறை.

டில்லிக்கு அது சில்லறையாகத் தெரியவில்லை. நெடுந்தீவிலிருந்து இராமேஸ்வரம் சுமார் 50 கிலோமீற்றர். காற்றாலையைக் கட்டிவிட்டுப் போய்விடமுடியாது. கட்டும்போதும் பிறகு பராமரிக்கவும் ஆட்களும் கருவிகளும் வந்துபோகவேண்டும். அந்த ஆட்கள் யார் என்பதே கேள்வி. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது, கடனுக்குப் பதிலாக அதே வேலையை நன்கொடையில் செய்து தருகிறோம் என்றும் சொன்னது. அந்த நாட்களிலேயே, 2021 பெப்ரவரி 1 அன்று, கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்காக இந்தியா, ஜப்பான் இரண்டோடும் 2019இல் செய்த இணக்கத்தைக் கொழும்பு கைவிட்டிருந்தது. ஒரே மாதத்துக்குள் இரண்டு அடி. அதனால்தான் மூன்று சின்னத் தீவுகள் அவ்வளவு பெரிய விடயமாயின.

2021 டிசெம்பர் தொடக்கத்தில் ‘மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கரிசனை’ காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டது என்று சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மூச்சில், மாலைதீவின் 12 தீவுகளில் சூரியமின் நிலையம் அமைக்க ஒப்பந்தமாகிவிட்டது என்றும் சொன்னது. தூதுவர் யாழ்ப்பாணம் வந்தது அந்த அறிவிப்புக்கு இரண்டு கிழமை பிந்தி. நல்லூர் வேட்டியை இந்த இரண்டு கிழமையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நாங்கள் விலகிவிட்டோம் என்று நினைக்காதே என்ற செய்தி டில்லிக்குத்தான், எங்களுக்கு அல்ல.

2022 மார்ச்சில், நாட்டில் டொலர் முடிந்து பெற்றோல் வரிசை நீண்டுகொண்டிருந்த நேரத்தில், அதே மூன்று தீவுகளுக்கான இந்திய நன்கொடைப் புரிந்துணர்வு கையெழுத்தானது. வேலையைச் செய்யும் கம்பனியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச் 1, நன்கொடை 11 மில்லியன் டொலர். காற்று 530 கிலோவாற், சூரியன் 1,700 கிலோவாற், மின்கலம் 2,400 கிலோவாற்-மணி, பின்துணையாக டீசல் 2,500 கிலோவாற். இந்த எண்களை ஒருதரம் நின்று பார்க்கவேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தீவுப்பகுதியில் காற்றுக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் முகில் மூடினால் சூரியன் விழுந்துவிடும். மின்கலம் ஓர் இரவின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும், ஒரு கிழமை மழையை அல்ல. அதனால்தான் டீசல் பிறப்பாக்கியின் அளவு சூரியனையும் காற்றையும் கூட்டினாலும் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. டீசல் அறவே நின்றுவிடும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம், குறையும்.

கணக்கைப் பாருங்கள். 2021 ஜனவரியில் ஒரு கம்பனிக்குக் கொடுத்த வேலைக்கு இன்னொரு கம்பனி கையெழுத்துப் போட மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆனது. கடன் நன்கொடையானது நாட்டுக்கு இலாபம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று வருடமும் தீவுகளில் டீசல்தான் எரிந்தது. இரண்டு வல்லரசுக்கு நடுவில் பேரம் பேசும் சின்ன நாடு காலத்தால் விலை கொடுக்கிறது. அந்த விலையைக் கட்டுபவர் பேரம் பேசிய அமைச்சர் அல்ல, தீவுகளுக்குப் போகக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்பவர்.

வீட்டுத்திட்டத்திலும் இதே வடிவம்தான், காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. இந்தியாவின் 50,000 வீடுகளில் வடக்கு கிழக்குக்கு 46,000, மலையகத்துக்கு 4,000. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா பயனாளியின் வங்கிக் கணக்குக்குக் கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம், சுவர், கூரை என்று வேலையைக் காட்டினால் அடுத்த கட்டம் விடுவிக்கப்படும். ஆள் பிடிப்பதும் கல் வாங்குவதும் வீட்டுக்காரர். சீமெந்து விலை ஏறியபோது பலர் கடன்பட்டார்கள், நகை அடகு வைத்தார்கள். அது இந்த முறையின் குறை. ஆனால் காசு ஊருக்குள்ளேயே சுழன்றது: மேசன், ஓடாவி, கல்லரிகிறவர், லொறிக்காரர் எல்லோருக்கும் போனது.

2018இல் 40,000 வீடுகளுக்கான 300 மில்லியன் டொலர் வேலை ஒரு சீனக் கம்பனிக்குப் போனது. அது கொங்கிறீற் வீடு. இங்கே சனம் கேட்டது கல்வீடு. அதற்கு முன்பே ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் 65,000 உருக்கு வீடுகள் இதே காரணத்தால் எதிர்ப்புக்கு உள்ளாகியிருந்தன: சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியுமா, பிள்ளைக்குக் கலியாணம் என்றால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா, உள்ளூர் மேசனுக்குத் திருத்தத் தெரியுமா? அந்த ஒக்டோபரிலேயே சீன ஒப்பந்தம் கைவிடப்பட்டு, 28,000 வீடுகள் இந்தியக் கம்பனி ஒன்றும் இரண்டு உள்ளூர்க் கம்பனிகளும் சேர்ந்த கூட்டுக்கு 35.8 பில்லியன் ரூபாவுக்குப் போயின. இதை இந்திய அழுத்தம் என்று மட்டும் எழுதுபவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள். கல்லா கொங்கிறீற்றா என்ற எங்கள் சண்டையும் அதில் இருந்தது. பெரியவர்களின் போட்டிக்குள் ஊரவரின் சொல் எடுபட்டது என்று காட்டக்கூடிய இடங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

இரண்டு பிழையான நம்பிக்கைகளை இங்கேயே ஒதுக்கிவிடலாம். சீனா கடனுக்காக ஹம்பாந்தோட்டையைப் பறித்தது என்பது ஒன்று. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. அது தொடர்ந்து கட்டவேண்டியதாகவே இருந்தது. குத்தகையால் வந்த 1.12 பில்லியன் டொலர் வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. அப்போது கழுத்தை நெரித்தது சீனக் கடனைவிட, சர்வதேசச் சந்தையில் அரசு விற்ற கடன்பத்திரங்களான இறைமை முறிகள். குத்தகை நல்ல வியாபாரம் என்று சொல்லவரவில்லை. நோயின் பெயர் வேறு என்கிறேன். மற்றது, சீனா வந்தால் தமிழர் பிரச்சினையைப் பேசும் அல்லது அதை வைத்து இந்தியாவைப் பேசவைக்கலாம் என்பது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானங்கள் வந்தபோதெல்லாம் சீனா கொழும்பின் பக்கமே நின்றிருக்கிறது. தன் நாட்டுக்குள் திபெத்தையும் ஷின்ஜியாங்கையும் வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டின் அதிகாரப் பகிர்வுக்கு அது குரல் கொடுக்காது. 13ஆம் திருத்தத்தைப் பற்றி இன்றும் கூட்டறிக்கையில் ஒரு வரி எழுத முயல்வது இந்தியாதான். அந்த வரியும் போட்டி சூடாகும்போது மெலிந்து போகிறது, ஏனென்றால் கொழும்பைச் சீனாவிடமிருந்து விலக்கிப் பிடிக்க நினைக்கும்போது கொழும்புக்குப் பிடிக்காததை உரத்துச் சொல்ல முடியாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி கொழும்பு; நாங்கள் பந்தற்கால்.

மற்ற அயல்நாடுகளையும் சுருக்கமாகப் பார்த்தால் எல்லை எங்கே என்று தெரியும். நேபாளத்தில் 2015 செப்டெம்பரில் இந்திய எல்லை அடைபட்டு மாதக்கணக்கில் எரிவாயுவும் மருந்தும் இல்லாமல் போனது. 2016 மார்ச்சில் பிரதமர் ஒலி பெய்ஜிங் போய் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தார். கடதாசியில் பெரிய வெற்றி. நடைமுறையில் தியான்ஜின் துறைமுகம் மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், நடுவில் இமயமலை. கொல்கத்தா அதில் மூன்றிலொரு பங்கு தூரம்கூட இல்லை. பூகோளத்தை ஒப்பந்தத்தால் மாற்றமுடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லையை இன்னொருதரம் அடைக்க டில்லி யோசிக்கும். மாலைதீவு ஜனாதிபதி முய்சு 2024 ஜனவரியில் இந்தியாவுக்கு முன்னரே சீனாவுக்குப் போனார், மே மாதத்துக்குள் இந்தியப் படையினரை வெளியேற்றினார். அதே வருடம் ஒக்டோபரில் கையிருப்பு வற்றியபோது டில்லியில் 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்ற வசதி வாங்கினார். அவசரத்துக்கு யார் காசு முதலில் வருகிறது என்பது தனிக் கணக்கு. 2022இல் எங்களுக்கும் அப்படித்தான். இந்தியாவிடமிருந்து எரிபொருள், மருந்து, உணவு, நாணயப் பரிமாற்றம் என்று சுமார் 4 பில்லியன் டொலர் வந்தது. தமிழ்நாட்டு அரசு தனியாக 40,000 தொன் அரிசி அனுப்பியது. சர்வதேச நாணய நிதியம் கேட்ட கடன் மறுசீரமைப்பு உறுதியை இந்தியா 2023 ஜனவரியில் கொடுத்தது, போதுமான அளவில் சீனா கொடுத்தது மார்ச்சில். அந்த இரண்டு மாதம் கொழும்புக்கு நல்ல பாடம். ஆனால் அதே 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பலை இந்தியாவின் ஆட்சேபத்தை மீறி ஹம்பாந்தோட்டைக்குள் விட்டதும் அதே கொழும்புதான். 2024 முழுவதும் எந்த நாட்டின் ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று பொதுவாகத் தடை போட்டது கெட்டித்தனம்: சீனாவின் பெயரைச் சொல்லாமல் சீனக் கப்பலை நிறுத்தினார்கள்.

இப்போது அந்த அளவுகோலுக்குத் திரும்புவோம். வடக்குக்கு இந்தியா கொடுத்த பட்டியல் நீளம். காங்கேசன்துறை வரை ரயில் பாதை (அது கடன், நாடு திருப்பிக் கட்டுகிறது), பலாலியில் 2019 ஒக்டோபரில் திறந்த சர்வதேச விமான நிலையம், கலாசார மண்டபம், 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல், துறைமுகத்துக்கு முதலில் 45 மில்லியன் டொலர் கடனாகப் பேசிப் பிறகு 61.5 மில்லியன் நன்கொடையாக மாறிய உதவி. இதிலும் குறைகள் உண்டு. பலாலிக்கு வந்து போவது ஏ.ரி.ஆர். போன்ற சிறிய விசிறி விமானங்கள். ஓடுபாதை நீளாமல் பெரிய விமானம் வராது. கப்பல் மாரிக் கடலில் நின்றுவிடுகிறது. தொடங்கிய சில நாட்களிலேயே வானிலையால் நிறுத்தி, 2024 ஓகஸ்டில் வேறு கப்பலோடுதான் திரும்பத் தொடங்கினார்கள்.

ஆனால் நிறுத்தவேண்டிய ஒன்றே ஒன்று நிற்கவில்லை: கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலை. இலங்கை 2017 ஜூலையில் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டின் றோலர்கள் என்ற இழுவைமடிப் படகுகள் கிழமையில் மூன்று நாள் கடலுக்கு வருகின்றன. அந்த இரவுகளில் பருத்தித்துறையிலும் மாதகலிலும் நெடுந்தீவிலும் வலை விடுபவர் கரையில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் விடிய அவருடைய வலை இல்லை. ஒரு சின்னக் கண்ணாடியிழைப் படகின் வலைத்தொகுதி பல இலட்சம் ரூபா. அதை இழுத்துக்கொண்டு போகும் படகில் இருப்பவரும் தமிழ்தான் பேசுகிறார் என்பது ஆறுதல் இல்லை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வடக்குக் கடற்றொழிலாளர் பயமில்லாமல் வலை விடும் நாட்களும் அநேகமாக அவைதான். 2017இல் இந்தியா 2,000 றோலர்களை ஆழ்கடல் படகாக மாற்றும் திட்டம் போட்டது: ஒன்றுக்கு 80 இலட்சம் இந்திய ரூபா, 70 வீதம் மானியம். மாறியவை மிகச் சொற்பம். மிச்ச 30 வீதத்தில் கடன்படவேண்டும், ஆழ்கடலில் கிழமைக்கணக்கில் நிற்கப் பாக்குநீரிணைத் தொழிலாளிக்குப் பழக்கமில்லை, பழைய றோலரைக் கொடுத்துவிடவும் வேண்டும். 2016இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு கூடிக் கலைகிறது. சீனா இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் வடக்குக் கடற்றொழிலாளருக்கு வலையும் அரிசியும் கொடுக்கத் தொடங்கியது. வலையைக் கொடுப்பது சுலபம், றோலரை நிறுத்துவது அவர்களால் ஆகாது, நிறுத்தக்கூடியவர் நிறுத்தவில்லை. டெங்கின் வானொலிக் கதையை ஏன் முதலில் சொன்னேன் என்றால் இதற்காகத்தான்.

சீனப் பக்கத்திலும் கணக்கு நேர்த்தியாக இல்லை. அரியாலையில் சீனத் தொடர்புள்ள கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம், 2021இல் கௌதாரிமுனையில் உள்ளூர்ச் சங்கங்களின் எதிர்ப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலட்டைக்குச் சந்தை ஹொங்கொங்கும் சீனாவும், நல்ல விலை. பிரச்சினை அட்டையில் இல்லை, வேலியில். ஆழமற்ற கரைக்கடலில் வேலி போட்டால் இறால் கூடு வைப்பவரும் களங்கட்டி வலை போடுபவரும் பாதை இழக்கிறார்கள், படகு சுற்றிப்போகிறது. அனுமதி கொடுப்பது நீருயிரின வளர்ப்புக்கான அரச அதிகார சபையான நெக்டா. பிரதேச செயலகமும் கடற்றொழில் திணைக்களமும் உடன்படவேண்டும். சங்கத்துக்குத் தெரியாமல் வேலி வந்தது என்றால் இந்த மூன்றில் எங்கோ கையெழுத்து முந்திவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தமுறை ஒரு தூதுவரோ அமைச்சரோ வந்து திட்டம் அறிவித்தால் என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: முதலில் காசின் வகை. நன்கொடையா, கடன் வசதியா, முதலீடா? இந்தியக் கடன் வசதியில் பொதுவாக 75 வீதப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்து வரவேண்டும். சீன ஏற்றுமதி-இறக்குமதி (எக்சிம்) வங்கியின் சலுகைக் கடனில் ஒப்பந்தகாரர் சீனர், கொள்வனவில் குறைந்தது பாதி அங்கிருந்து. ஆகவே எத்தனை மில்லியன் என்பதைவிட அதில் எவ்வளவு இங்கே இறங்கும் என்பதே கேள்வி. முதலீடு என்றால் வாங்கும் விலையைப் பாருங்கள்: மன்னார், பூநகரி 484 மெகாவாற் காற்றாலைக்கு இந்தியாவின் அதானி கம்பனிக்கு 2024 மேயில் ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு. புதிய அரசாங்கம் அதைக் குறைக்கப் பேசியதும் 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது.

விபரம் தேடுவது நினைப்பதுபோலக் கஷ்டமில்லை. அமைச்சரவைத் தீர்மானங்களை அரசாங்கத் தகவல் திணைக்களம் கிழமைதோறும் மூன்று மொழியிலும் வெளியிடுகிறது. திட்டத்தின் பெயர், தொகை, யாருக்கு என்ற மூன்றும் அநேகமாக அதில் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் பலனில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு. பலர் விடும் பிழை, வெளிவிவகார அமைச்சுக்கு எழுதி ‘ஒப்பந்தப் பிரதி தாருங்கள்’ என்று கேட்பது. வெளிநாட்டு உறவுக்குப் பாதகம் என்று சொல்லி மறுக்க 5ஆம் பிரிவு இடம் விடுகிறது. அதற்குப் பதிலாக மின்சார சபைக்கு எழுதி நெடுந்தீவில் மாதத்துக்கு எத்தனை லீற்றர் டீசல் எரிகிறது, புதிய தொகுதியில் எத்தனை கிலோவாற் இயங்குகிறது என்று கேளுங்கள். நெக்டாவுக்கு எழுதி எந்தக் கரையில் எத்தனை ஏக்கருக்கு, எந்தத் திகதியில் அனுமதி கொடுத்தீர்கள், சங்கத்தின் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். டீசல் லீற்றருக்கும் ஏக்கர் கணக்குக்கும் இராஜதந்திர இரகசியம் என்று பெயர் வைக்கமுடியாது.